மறுபடியும் நாற்காலி கேட்பவர் தராசைப் பிடிக்கலாமா?



நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு நெருங்குகிறது. அழைப்பிதழில் ஐந்தாவது பொருளாக ‘நிர்வாகிகளின் பதவிக்காலம் குறித்த துணைவிதித் திருத்தம்’ என்று ஒரு வரி இருக்கிறது. வரவு செலவு வாசித்து முடிவதற்குள் நம்மில் பாதிப் பேர் சாப்பாட்டுப் பந்தியை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். பிறகு யாராவது எழுந்து, “பழைய நிர்வாகிகளே தொடரட்டும்” என்பார். கை தட்டுவோம். ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுவோம். எத்தனையோ வருடங்களாக நடந்துவருவது இதுதான். இந்த வருடம் அந்த ஐந்தாவது பொருளுக்கு ஒரு கால் மணி நேரம் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ராமநாதபுரத்தில் அரிசி, பருப்பு, குண்டு மிளகாய் என்று நாற்பது வருடத்துக்கு மேல் மொத்த வியாபாரம் செய்துவருகிறேன். காலையில் கடை திறந்து முதல் லோடு வருவதற்குள் பத்திரிகையை வரி விடாமல் படிப்பது என் வழக்கம். அப்படிப் படித்ததில் ஒரு விஷயம் சில வருடங்களாக என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2021இல் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளர் அந்தோனியோ குட்டரெஸ் இரண்டாவது முறையாக நியமிக்கப்பட்டார். 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ், 2023இல் உணவு விவசாய நிறுவனத்தின் தலைவர் சூ தோங்யூ, 2024இல் சர்வதேச நிதியத்தின் தலைவர் கிறிஸ்டலினா ஜார்ஜியேவா, அதே 2024 நவம்பரில் உலக வர்த்தக அமைப்பின் தலைவர் இங்கோசி ஒகோஞ்சோ இவேலா ஆகியோரும் அப்படியே மறுபடி பதவிக்கு வந்தார்கள். ஐந்து பெரிய நிறுவனங்கள், ஐந்து மறுநியமனங்கள். ஐந்திலும் களத்தில் இருந்த வேட்பாளர் ஒரே ஒருவர்தான். எதிர்த்து நிற்க ஆள் இல்லை.

நம் சங்கத்துத் தீர்மானப் புத்தகத்தைப் படிப்பது போல இல்லையா?

நாற்காலியின் சாவி யார் கையில்?

ஐ.நா. சபையை எடுத்துக்கொள்வோம். அதன் சாசனம் 97ஆவது பிரிவில் சொல்வது இவ்வளவுதான்: பாதுகாப்பு சபை பரிந்துரைக்கும், பொதுச்சபை நியமிக்கும். பொதுச்சபை என்பது 193 நாடுகள் சேர்ந்தது. நம் ஊர்ப் பேச்சில் பொதுக்குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு சபை என்பது 15 பேர் கொண்ட செயற்குழு. அந்தப் பதினைந்தில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்தும் நிரந்தரம். ஐந்தில் ஒன்று ‘கூடாது’ என்று கை தூக்கினால் மற்ற பதினான்கு பேர் ஆதரித்தும் பயனில்லை. செயற்குழு ஒரே ஒரு பெயரை அனுப்பும். பொதுக்குழு கை தட்டி ஏற்கும்.

எத்தனை வருடப் பதவி என்பது சாசனத்தில் இல்லை. 1946 ஜனவரியில் போட்ட ஒரு தீர்மானத்தில், முதல் பொதுச்செயலாளருக்கு ஐந்து ஆண்டு, முடிந்ததும் இன்னொரு ஐந்து ஆண்டு தரலாம் என்று வைத்தார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. ‘தரலாம்’ என்ற அந்த ஒரு சொல்தான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

முதல் பொதுச்செயலாளர் நார்வேக்காரரான ட்ரிக்வே லீ. 1950இல் கொரியப் போரில் அவர் எடுத்த நிலை சோவியத் யூனியனுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் முறைக்கு அவர் பெயர் வந்தபோது சோவியத் மறுத்துவிட்டது. பொதுச்சபை தானே ஓட்டெடுத்து மூன்று ஆண்டு நீட்டித்தது. ஆனால் சோவியத் அவரைப் பொதுச்செயலாளராகவே ஏற்கவில்லை. ஒரு பெரிய வாடிக்கையாளர் முகம் கொடுக்காத கடையை எத்தனை நாள் நடத்த முடியும்? 1952இல் அவர் ராஜினாமா கொடுத்துவிட்டார்.

1981இல் ஆஸ்திரியாவின் குர்ட் வால்ட்ஹைம் மூன்றாவது முறையும் வேண்டும் என்று நின்றார். சீனா விடவில்லை, 16 முறை மறுத்தது. அவருக்கு எதிரே நின்ற தான்சானியாவின் சலீம் அகமது சலீமை அமெரிக்கா மறுத்தது. ஆறு வாரம் இழுத்த பிறகு இருவரும் ஒதுங்க, பெரு நாட்டின் பெரஸ் டி கொய்யர் வந்தார்.

1996இல் எகிப்தின் பூட்ரோஸ் காலிக்கு நடந்தது இன்னும் வெளிப்படையானது. நவம்பர் 19ஆம் தேதி பாதுகாப்பு சபையில் ஓட்டெடுப்பு. அவருக்கு ஆதரவு 14, எதிர்ப்பு 1. அந்த ஒன்று அமெரிக்கா. பதினான்கு தோற்றது, ஒன்று ஜெயித்தது. அதுவரை இருந்த பொதுச்செயலாளர்களில் இரண்டாம் தவணை கேட்டு ஒரே தவணையோடு வெளியேற்றப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

நம் பக்கத்து மனிதர்களுக்கும் இந்த வாசல் தெரியும். 2006இல் இந்தியா சசி தரூரை நிறுத்தியது. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இலங்கை, ஆயுதக் குறைப்பு விஷயத்தில் உலகம் மதித்த ஜயந்த தனபாலவை நிறுத்தியது. தனபால செப்டம்பர் கடைசியில் விலகிக்கொண்டார். அக்டோபர் 2ஆம் தேதி நடந்த கடைசி மாதிரி ஓட்டெடுப்பில் தரூருக்கு ஆதரவு 10, எதிர்ப்பு 3, கருத்தில்லை 2. அந்த மூன்றில் ஒன்று நிரந்தர உறுப்பினருடையது. அதோடு கதை முடிந்தது. தென் கொரியாவின் பான் கி மூன் வந்தார். 2011இல் அவருக்கும் எதிர்ப்பின்றி இரண்டாம் தவணை கிடைத்தது.

2016இல்தான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வேட்பாளர்கள் பெயரை வெளியிட்டு, பொதுச்சபை முன் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த வெளிச்சம் முதல் தேர்வுக்கு மட்டும்தான் பயன்பட்டது. 2021இல் மறுநியமனம் வந்தபோது, இந்தியாவில் பிறந்த ஆரோரா ஆகாங்க்ஷா என்ற இளம் ஐ.நா. ஊழியர் தானும் போட்டியிடுவதாக முன்வந்தார். எந்த நாடும் அவர் பெயரை முன்மொழியவில்லை. அதனால் அவர் வேட்பாளராகவே கணக்கில் வரவில்லை. 1946இல் தொடங்கி குட்டரெஸ் வரை ஒன்பது பேர் அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். ஒருவர் கூடப் பெண் இல்லை.

நம் கரையைத் தொட்ட கணக்கு

இதெல்லாம் நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும் நடப்பது, மளிகைக் கடைக்காரனுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மண்டபத்தில் கடை வைத்திருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். 1983க்குப் பிறகு படகில் வந்து இறங்கிய ஈழத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தாண்டி மண்டபம் முகாமில் இருக்கிறார்கள். 2022இல் இலங்கையில் விலைவாசி தலைக்கு மேல் போனபோது, மறுபடியும் தனுஷ்கோடிக் கரையில் குழந்தைகளோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் வாங்கும் அரிசியும் பருப்பும் நம்மிடமிருந்து போவதுதான். அவர்களுக்கு நடந்ததை உலகம் எந்தத் தராசில் எடை போட்டது என்பது நமக்கும் சம்பந்தப்பட்டதே.

நவநீதம் பிள்ளை என்ற அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பஸ் டிரைவரின் மகளாக 1941இல் பிறந்த தமிழ்ப் பெண். நீதிபதியாக உயர்ந்து, 2008 செப்டம்பரில் ஐ.நா.வின் மனித உரிமை ஆணையர் ஆனார். இந்தப் பதவிக்கு 1993ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் சொன்ன விதி: நான்கு ஆண்டு, விரும்பினால் இன்னொரு நான்கு ஆண்டு. பொதுச்செயலாளர் பெயர் சொல்லுவார், பொதுச்சபை ஒப்புக்கொள்ளும்.

2012இல் அவருக்குக் கிடைத்த நீட்டிப்பு எவ்வளவு? இரண்டே ஆண்டு. முழுப் படிக்குப் பதில் அரைப் படி.

அந்தக் கடைசி இரண்டு ஆண்டில் அவர் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். 2013 ஆகஸ்டில் இலங்கைக்குப் போனார். யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, திருகோணமலை என்று சுற்றி, காணாமல் போனவர்களின் தாய்மார்களைச் சந்தித்தார். கொழும்பில் பத்திரிகையாளர்களை அழைத்து, நாடு சர்வாதிகாரப் போக்கில் போவதாக நேராகவே சொன்னார். அதே மூச்சில், விடுதலைப் புலிகள் செய்த கொலைகளையும் கடுமையாகவே சொன்னார். தமிழச்சி என்பதால் சாய்வாகப் பேசுவார் என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டதற்கு, தான் தென் ஆப்பிரிக்கர் என்று பதில் சொன்னார். 2014 மார்ச்சில் மனித உரிமைக் கவுன்சிலில் 23 நாடுகள் ஆதரவு, 12 எதிர்ப்பு, 12 நடுநிலை என்ற ஓட்டில், இலங்கைப் போர்க்காலம் பற்றி விரிவாக விசாரிக்கும் பொறுப்பு அவர் அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தியா அன்று ஓட்டளிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. ஆகஸ்டில் அவர் பதவி முடிந்து போய்விட்டார். அறிக்கை 2015 செப்டம்பரில் வந்தது.

அவர் துணிச்சல் அவர் சுபாவம், அதை நான் குறைக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். 2013இல் அவர் யாரிடமும் மறுபடி பதவி கேட்க வேண்டிய நிலையில் இல்லை. கேட்க வேண்டியது இல்லாதவருக்கு நாக்கு சுதந்திரமாக இருக்கிறது.

அவருக்குப் பின் வந்த ஜோர்டான் நாட்டின் சையத் ராத் அல் உசேன், 2017 டிசம்பரில் தன் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியே விட்டார். இரண்டாவது தவணை கேட்கப் போவதில்லை. கேட்டால் இன்றைய நிலையில் மண்டியிட வேண்டியிருக்கும், பேச்சைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பது அவர் கடிதத்தின் சாரம். நாலாண்டோடு போய்விட்டார். உள்ளே இருந்தவரே கொடுத்த வாக்குமூலம் இது.

நம் தொழில் பஞ்சாயத்து மூடிய கதை

இனி நேராக வியாபாரத்துக்கு வருவோம். உலக வர்த்தக அமைப்பு 1995 ஜனவரி 1இல் ஜெனீவாவில் தொடங்கியது. ரேஷன் கடைக்காக அரசு ஆதார விலையில் நெல் வாங்கிச் சேமிப்பது விதிக்கு உட்பட்டதா என்று 2013இல் பாலித் தீவில் வாதாடினார்களே, அது இந்த அமைப்பில்தான். மீன்பிடி மானியத்துக்குக் கட்டுப்பாடு வைக்கும் ஒப்பந்தம் 2022 ஜூனில் ஏற்கப்பட்டு 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்ததும் இங்கேதான். வளரும் நாடுகளின் மீனவருக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்று இந்தியா வாதாடியது. ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடத்தில் படகு ஓடினால்தான் நம் பற்று வரவு ஓடும். ஆகவே இது அடுத்த வீட்டு விவகாரம் இல்லை.

இந்த அமைப்பில் நடைமுறையில் ஓட்டு இல்லை. எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1999இல் நியூசிலாந்தின் மைக் மூரா, தாய்லாந்தின் சுபாச்சாய் பனிச்பக்டியா என்று உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். கடைசியில் ஆளுக்கு மூன்று ஆண்டு என்று பாகப்பிரிவினை செய்தார்கள். அதில் நல்லதொரு நிபந்தனை இருந்தது: இருவருக்கும் மறுநியமனம் கிடையாது. ஆனால் 2002இல் நிரந்தர விதி எழுதியபோது நான்கு ஆண்டு, இன்னொரு முறை தரலாம் என்று பழைய பாதைக்கே போய்விட்டார்கள். 2020 ஆகஸ்டில் ராபர்ட்டோ அசவேடோ பாதியில் விலகியபோது, நைஜீரியாவின் ஒகோஞ்சோ இவேலாவுக்கே ஆதரவு அதிகம் என்று தேர்வுக் குழு சொல்லியும் அமெரிக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதம் கல்லாவில் ஆள் இல்லை. அமெரிக்காவில் ஆட்சி மாறிய பிறகுதான் 2021 மார்ச் 1இல் அவர் பொறுப்பேற்றார். 2025 ஆகஸ்ட் வரை பதவி இருந்தும், ஆப்பிரிக்க நாடுகள் கேட்டுக்கொண்டதன் பேரில், 2024 நவம்பரிலேயே அவசரமாக மறுநியமனம் நடந்தது. ட்ரம்ப் மறுபடி பதவியேற்பதற்குள் முடிக்கவே இந்த அவசரம் என்று பத்திரிகைகள் எழுதின. அம்மையார் திறமைசாலி, அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் திறமைசாலியைக் கூட மழைக்கு முன் மூட்டை அடுக்குவது போல அவசரமாக உள்ளே தள்ள வேண்டியிருந்தது என்றால், விதியில் கோளாறு இருக்கிறது.

இதைவிடப் பெரிய சேதம் இன்னொன்று. நாடுகளுக்குள் வரும் வியாபாரச் சண்டையைத் தீர்க்க ஏழு பேர் கொண்ட மேல்முறையீட்டுக் குழு அங்கே இருந்தது. நான்கு ஆண்டுப் பதவி, ஒரு முறை மறுநியமனம். தமிழ்நாட்டில் பிறந்து மத்திய வர்த்தகச் செயலாளராக இருந்த ஏ.வி. கணேசன் 2000 முதல் 2008 வரை அதில் இருந்தார். நம் ஊரில் சரக்குத் தகராறு வந்தால் நடுநிலையான நாலு பெரியவர்களைக் கூட்டி உட்கார வைப்போமே, அதே வேலைதான்.

2016இல் தென் கொரியாவைச் சேர்ந்த உறுப்பினர் சாங்கின் முதல் நான்கு ஆண்டு முடிந்தது. அவர் பங்குகொண்ட தீர்ப்புகள் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே காரணம் சொல்லி, அமெரிக்கா அவர் மறுநியமனத்தைத் தடுத்தது. பஞ்சாயத்தாருக்கு அது என்ன பாடம் சொல்லும்? ‘அடுத்த தவணை வேண்டுமானால் என் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுது’ என்பதுதானே? அதன் பின் காலி இடங்களையும் நிரப்ப விடவில்லை. ஒரு வழக்கைக் கேட்க மூன்று பேர் வேண்டும். 2019 டிசம்பரில் ஒருவர் மட்டுமே மிஞ்சினார். 2020 நவம்பரில் அவரும் போனார். பஞ்சாயத்து மேடை காலி.

என் பேரேட்டிலும் ஒரு பற்று

ஊரார் கணக்கையே எழுதிக்கொண்டிருந்தால் போதாது, என் கணக்கையும் சொல்ல வேண்டும்.

இருபது வருடத்துக்கு முன் வேறொரு வியாபாரிகள் சங்கத்தில் நான் செயலாளராக இருந்தேன். இரண்டு முறை ஏகமனதாக வந்தவன், மூன்றாம் முறைக்கும் ஆசைப்பட்டேன். தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சில்லறைக் கடைக்காரர்கள் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு புகார் கொடுத்தார்கள். பெரிய மொத்த வியாபாரி ஒருவர் அனுப்பும் பருப்பு மூட்டையில் ஒன்று, ஒன்றரைக் கிலோ குறைகிறது என்று. நான் தனியாக இரண்டு மூட்டையைத் தராசில் வைத்துப் பார்த்தேன். புகார் உண்மை.

அந்தப் பெரியவரிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கும் கடைக்காரர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது ஓட்டு. புகார் கொடுத்தவர்கள் பதினொன்று. நான் தீர்மானப் புத்தகத்தில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதினேன். மூன்றாம் முறையும் ஜெயித்தேன்.

மண்டபம் சாலையில் சின்னப் பெட்டிக்கடை வைத்திருந்த தம்பி ஒருவர், அந்தப் பதினொரு பேரில் கடைசிக் கையெழுத்துப் போட்டவர், மாலையோடு நான் நின்றபோது பக்கத்தில் வந்தார். “அண்ணாச்சி, உங்களுக்கு நாற்பது ஓட்டு வேணும், தப்பில்லை. எனக்கு அந்த ஒன்றரைக் கிலோ வேணும், அதுவும் தப்பில்லையே” என்றார். அதன் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் கடையும் இல்லை. அந்த மூட்டையால்தான் கடை போனது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இன்றும் பருப்பு மூட்டையை எடை போடும்போது அந்தக் குரல் கேட்கிறது.

நான் அயோக்கியன் இல்லை. மறுபடியும் நாற்காலி வேண்டும் என்று நினைத்த சாதாரண மனிதன். அதனால்தான் இதில் ஆளைக் குறை சொல்வதைவிட விதியைத் திருத்துவதே வழி என்று நினைக்கிறேன்.

எதிர்க்கேள்விகள்

அனுபவசாலியை வீட்டுக்கு அனுப்பினால் நஷ்டம் சங்கத்துக்குத்தானே என்பார்கள். அனுபவம் நாற்காலியில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. முன்னாள் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆலோசனை சொல்லலாம். நீண்ட காலம் இருந்தால் நல்லது நடக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. உணவு விவசாய நிறுவனத்தில் 1976 முதல் 1993 வரை லெபனானின் எட்வர்ட் சவுமா 18 ஆண்டு, அடுத்து 2011 வரை செனகலின் ஜாக் தியூஃப் 18 ஆண்டு. 36 ஆண்டில் இரண்டே தலைவர்கள். உறுப்பு நாடுகளுக்கே இது சரிப்படவில்லை. இன்றைய விதி நான்கு ஆண்டு, ஒரே ஒரு மறுவாய்ப்பு.

உறுதியான மனிதருக்கு விதி எதற்கு என்றும் கேட்பார்கள். சுவீடனின் டாக் ஹாமர்ஷீல்ட் 1957இல் மறுநியமனம் பெற்றவர்தான். 1960இல் சோவியத் தலைவர் குருஷேவ் அவரை ராஜினாமா செய்யச் சொன்னபோது, பொதுச்சபை மேடையிலேயே மறுத்து, சிறிய நாடுகள் விரும்பும் வரை இருப்பேன் என்றார். 1961 செப்டம்பரில் ஆப்பிரிக்காவில் சமாதான முயற்சிக்குப் போகும் வழியில் விமான விபத்தில் இறந்தார். அவர் போன்றவர்கள் உண்டு. ஆனால் எடைக்கல்லுக்கு முத்திரை போடுவது யோக்கியனைச் சந்தேகித்து அல்ல, எல்லாருக்கும் பொதுவாக. விதியும் அப்படியே.

மறுபடி வர முடியாதவருக்குப் பொறுப்பு இருக்காதே, முதல் நாளிலிருந்தே அலட்சியமாக இருப்பாரே என்பது நியாயமான பயம். ஒரே தவணைக்கு அதுவே பெரிய குறை. அதற்கு மருந்து ஆண்டுதோறும் தணிக்கை, கேள்வி கேட்கும் பொதுக்குழு, தவறு செய்தால் இடையிலேயே நீக்கும் விதி. உலகத்திலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் நீதிபதிகளுக்கும் தலைமை வழக்கறிஞருக்கும் ஒன்பது ஆண்டு, மறுதேர்வு இல்லை. ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவருக்கு எட்டு ஆண்டு, மறுநியமனம் இல்லை. நீதியும் பணமும் புழங்கும் இடத்தில் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஐ.நா. பொதுச்செயலாளருக்கும் ஏழு ஆண்டு, ஒரே தவணை என்று வையுங்கள் என்று பிரையன் உர்குஹார்ட், எர்ஸ்கின் சில்டர்ஸ் என்ற இரண்டு முன்னாள் ஐ.நா. அதிகாரிகள் 1990இலேயே எழுதிக் கொடுத்தார்கள். 2016 தேர்வின்போது தொண்டு நிறுவனங்கள் பல சேர்ந்து அதையே கேட்டன. ஐந்து வல்லரசுகளும் அசையவில்லை. சாவியைத் தானாகக் கீழே வைப்பவர் உலகத்தில் யார்?

நாம் செய்யக்கூடியது

ஐ.நா.வைத் திருத்துவது நம் கையில் இல்லை. நம் சங்கத்தைத் திருத்துவது நம் கையில்தான் இருக்கிறது. பொதுக்குழுவின் யோசனைக்கு நான்கு விஷயங்களை வைக்கிறேன்.

ஒன்று: தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் மூன்று ஆண்டு, ஒரே தவணை. அதே பதவிக்கு அடுத்த தேர்தலில் நிற்கக் கூடாது. ஒரு தவணை இடைவெளி விட்டுப் பிறகு நிற்கலாம்.

இரண்டு: வேட்பாளர் பெயர்களை முப்பது நாள் முன்பே இந்த இதழில் வெளியிட வேண்டும். ஒரே பெயர் இருந்தாலும் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று ரகசிய ஓட்டுப் போட வேண்டும். கைதட்டல் ஓட்டு ஆகாது. கடன் கொடுத்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கடன்பட்டவர் எப்படிக் கை தூக்குவார்?

மூன்று: எடை, விலை, கடன் பற்றிய புகார்களை நிர்வாகிகள் விசாரிக்க வேண்டாம். தேர்தலில் நிற்காத மூத்தவர்கள் மூவர் விசாரித்து, முப்பது நாளில் முடிவு சொல்ல வேண்டும். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வாசகம் நம் தீர்மானப் புத்தகத்தில் இனி வரக் கூடாது.

நான்கு: தணிக்கை செய்த வரவு செலவைத் தேர்தலுக்கு முன் வாசிக்க வேண்டும், சாப்பாட்டுக்குப் பின் அல்ல.

ஆள் கிடைக்காதே என்று சிலர் கவலைப்படலாம். அந்தக் கவலையில் உண்மை உண்டு. கடையை விட்டுவிட்டு சங்க வேலைக்கு ஓடுவது எளிதல்ல. பழைய நிர்வாகிகள் உழைத்த உழைப்பை நான் அறிவேன். அவர்களைக் குறித்து இதை எழுதவில்லை. ஆனால் யாரும் வர மாட்டார்கள் என்று நாம் சொல்வது, யாரையும் வரச் சொல்லாததாலும் இருக்கலாம். ராமேஸ்வரத்திலும் கீழக்கரையிலும் பரமக்குடியிலும் கணினியில் கணக்குப் போடும் இளைஞர்கள் தகப்பனார் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்காலி காலியாகும் தேதி தெரிந்தால்தான் அவர்கள் தயாராவார்கள்.

வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில்தான் துலாக்கோலைப் பற்றிச் சொன்னார். அதே அதிகாரத்தில்தான் வாணிகம் செய்வோரைப் பற்றியும் சொன்னார். தராசைப் பிடித்துப் பிழைப்பவர்கள் நாம். தராசைப் பிடிக்கும் கை வேறொன்றுக்காக நீட்டப்பட்டிருக்கக் கூடாது என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஐந்தாவது பொருள் வரும்போது தயவுசெய்து எழுந்து போகாதீர்கள். பந்தி எங்கும் போய்விடாது. அந்தத் திருத்தத்தை முதலில் ஆதரிக்கும் கை என்னுடையதாக இருக்கும். இனி எந்தப் பதவிக்கும் நான் நிற்கப் போவதில்லை என்பதையும் இங்கே எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.